திருமண மண்டபத்தின் நாட்காட்டியை ஏஐ உதவியாளரிடம் இணைப்பது: எதுவரை அனுமதி கொடுக்கலாம்?

காவேரிப்பட்டணம் மண்டபம்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் எங்கள் குடும்பம் ஒரு திருமண மண்டபத்தை நடத்தி வருகிறது. அப்பா காலத்திலிருந்து தேதிகளை எல்லாம் நீளமான ஒரு நோட்டில்தான் எழுதி வந்தோம். மூன்று ஆண்டுகளாக அதே தேதிகளைக் கூகுள் காலண்டரிலும் பதிகிறோம். பதிகிறவர்கள் மூவர்: நான், ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி, மண்டபத்திலேயே இருக்கும் மேலாளர்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் தொலைபேசி ஓயாது. "ஆவணியில் எந்த ஞாயிறு காலி?" "வைகாசியில் சனிக்கிழமை மாலை வரவேற்பும் மறுநாள் காலை முகூர்த்தமும் சேர்த்துக் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். பேருந்தில் இருக்கும்போது இவற்றுக்கு நாட்காட்டியைத் திறந்து மாதம் மாதமாகத் தள்ளிப் பார்த்து விடை சொல்வது கடினம். ஏஐ உதவியாளரை நாட்காட்டியோடு இணைத்துவிட்டால் வாய்ச்சொல்லாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பதியவும் சொல்லலாம் என்று தம்பி கூறினான். நேற்று இரவு முயன்றேன். கூகுளின் அனுமதித் திரை வந்தது. நான் அணுகக்கூடிய எல்லா நாட்காட்டிகளையும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும், நிரந்தரமாக நீக்கவும் அந்தச் செயலிக்கு அனுமதி தருகிறீர்களா என்று அதில் கேட்டிருந்தது. "நிரந்தரமாக நீக்க" என்ற சொல்லைப் படித்ததும் கை நின்றுவிட்டது. ஒரு குடும்பம் ஓராண்டுக்கு முன்பே பிடித்துவைத்த தேதி அழிந்து, அதே நாளில் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், பத்திரிகை அச்சடித்த பிறகு அவர்கள் முகத்தில் நாங்கள் எப்படி விழிப்போம்? இந்த இணைப்பைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓசூர் நிரலாளர்

ஐயா, நீங்கள் அந்தத் திரையில் நின்று யோசித்தது மிகச் சரி. பெரும்பாலோர் படிக்காமலே "அனுமதி" என்பதைத் தொட்டுவிடுகிறார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் கடவுச்சொல் உதவியாளரிடம் போவதில்லை. நீங்கள் சம்மதித்ததும் கூகுள் அந்தச் செயலிக்கு ஒரு டோக்கனைத் தருகிறது. நீங்கள் சம்மதித்த காரியங்களுக்கு மட்டும் செல்லும் சாவி அது. 2012இல் வெளியான ஓஆத் 2.0 என்ற நெறிமுறைப்படி இது நடக்கிறது. கடவுச்சொல்லை மாற்றாமலேயே, உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்தச் செயலிக்குக் கொடுத்த அணுகலை எப்போது வேண்டுமானாலும் பறித்துவிடலாம்.

சாவிகளும் ஒரே அளவில் இல்லை. நாட்காட்டியைப் படிக்க மட்டும் ஒரு அனுமதி, நிகழ்வுகளைத் திருத்த ஒன்று, எந்த நேரம் காலி என்று மட்டும் பார்க்க ஒன்று, எல்லாவற்றையும் செய்ய ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. எதைக் கேட்பது என்பதை உதவியாளரை உருவாக்கியவர் தீர்மானிக்கிறார். உங்களிடம் முழுச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேள்வி கேட்டதும், அது எந்த நாட்களைப் பற்றியது என்று, உதவியாளருக்குள் இயங்கும் மொழி மாதிரி (language model) ஊகித்து, "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உள்ள நிகழ்வுகளைக் கொடு" என்று நாட்காட்டிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்பும். திரும்பி வரும் பட்டியலைப் படித்து உங்களுக்கு விடை சொல்லும். இப்படிப்பட்ட கருவிகளை உதவியாளர்களோடு பொருத்துவதற்கென்றே 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்களின் உதவியாளர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். நாட்காட்டி தரும் பட்டியல் பெரும்பாலும் பிழையில்லாமல்தான் இருக்கும். கேள்வியைத் தேதியாக மாற்றும் இடத்திலும், பட்டியலை விடையாக மாற்றும் இடத்திலும்தான் தவறு நேர்கிறது.

என் யோசனை இது. மண்டபத்தின் கணக்கை உதவியாளரிடம் இணைக்கவே வேண்டாம். உதவியாளருக்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்குங்கள். மண்டபத்தின் நாட்காட்டியை அந்தக் கணக்கோடு, பார்க்க மட்டும் முடிகிற அளவில் பகிருங்கள். பிறகு அந்தப் புதிய கணக்கை உதவியாளரிடம் இணையுங்கள். திரையில் "நிரந்தரமாக நீக்க" என்று எழுதியிருந்தாலும், அந்தக் கணக்குக்கே உரிமை இல்லாத ஒன்றை அதன் சாவியை வைத்திருப்பவர் செய்ய முடியாது. பதியவும் வேண்டுமென்றால், புதிய கணக்கிலேயே "விசாரணை" என்று ஒரு நாட்காட்டி வைத்து, அதில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அசல் நாட்காட்டிக்கு மாற்றுவது மனிதர் கையில் இருக்கட்டும்.

அரூர் ஆசிரியை

இணைப்புக்கு எளிய வழி என்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் காலண்டரின் அமைப்புகளில் ஒவ்வொரு நாட்காட்டிக்கும் ஒரு ரகசிய முகவரி இருக்கும். அதை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டினால், நாட்காட்டியில் உள்ளவை எல்லாம் அங்கே தெரியும். அனுமதித் திரை எதுவும் வராது. நான் அப்படிச் செய்தேன். பிறகு அதே முகவரியை உதவி கேட்கும்பொருட்டு ஒரு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டேன். அந்த முகவரியைப் பெற்றவர் யாராக இருந்தாலும் என் பிள்ளைகளின் மருத்துவர் சந்திப்புவரை அனைத்தையும் படிக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது. அதே அமைப்பில் "மீட்டமை" என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டதும் பழைய முகவரி செல்லாததாகிவிட்டது.

இன்னொரு குறை: இந்த முகவரி வழியாக வரும் செய்தி உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை, பல மணி நேரம்கூட ஆகலாம். பள்ளி விழாக்களுக்கு அது பொருட்டில்லை. காலையில் ஒருவர் பிடித்த தேதியை மாலையில் இன்னொருவர் கேட்கும் மண்டபத்துக்கு அது ஒத்துவராது.

தருமபுரி ஒளிப்படக்காரர்

திருமணத் தொழிலில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். நம் முகூர்த்த நேரங்கள்தான் இதில் பெரிய சிக்கல்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்கு அதிகாலை 4.30 முதல் 6 மணிவரை முகூர்த்தம். என் ஏஐ உதவியாளர் அதை முந்தைய நாள் இரவு 11 மணி என்று காட்டியது. வெகுநேரம் தேடிய பிறகே காரணம் புரிந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு கணக்கில் நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே செல்கிறது. ஆகவே காலை 5.30க்கு முன்பு தொடங்கும் எந்த முகூர்த்தமும் அந்தக் கணக்கில் முந்தைய தேதிக்குப் போய்விடும். எடுத்துக்காட்டாக, 2026 ஆகஸ்ட் 30 ஞாயிறு காலை 4.30 என்பது அங்கே ஆகஸ்ட் 29 சனி இரவு 11.00. காலை 9 மணி முகூர்த்தமாக இருந்திருந்தால் மணி மட்டும் மாறியிருக்கும், தேதி மாறியிருக்காது. நானும் உடனே கண்டுபிடித்திருப்பேன். நிரலாளர் சொன்னபடி புதிய கணக்குத் தொடங்கும்போது, நேர மண்டலத்தை இந்தியாவுக்கு, அதாவது பட்டியலில் கொல்கத்தா என்று இருப்பதற்கு, மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

பேச்சு வழக்கும் கவனிக்க வேண்டியது. "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, விடிந்தால் முகூர்த்தம்" என்று பெண் வீட்டார் சொல்வார்கள். அது திங்கட்கிழமை முகூர்த்தம் என்பது நமக்கு விளங்கும். உதவியாளர் ஞாயிறு என்று பதிந்துவிடும். "வருகிற வெள்ளி", "அடுத்த வெள்ளி" என்பவற்றில் நமக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. நான் இப்போது தேதியையும் கிழமையையும் சேர்த்தே சொல்கிறேன்; உதவியாளரும் இரண்டையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நிலையான அறிவுறுத்தல் கொடுத்திருக்கிறேன். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே பிழை தெரிந்துவிடும்.

பென்னாகரம் சமையல் ஒப்பந்தம்

தம்பி, நான் உங்களுக்கு மாறான கருத்தைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மண்டபத் தொழிலில் தேதி என்பது நாட்காட்டியில் இல்லை, அட்வான்சில் இருக்கிறது. ஒருவர் வந்து "இந்தத் தேதியை வைத்திருங்கள், ஜாதகம் பார்த்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறோம்" என்பார். நீங்கள் பென்சிலால் எழுதி வைப்பீர்கள். உங்கள் அப்பாவின் நோட்டில் பென்சில் எழுத்தும் பேனா எழுத்தும் வெவ்வேறு பொருள் தரும். மேலாளர் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்து, அந்தக் குடும்பம் உறுதியாக வருமா வராதா என்றுகூடச் சொல்லிவிடுவார். கணினிக்கு எல்லாம் ஒரே எழுத்துத்தானே? ஆண்டுக்கு எத்தனை திருமணம் நடக்கப்போகிறது? நோட்டைப் புரட்டிச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த வேலைக்கு ஏஐ எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

காவேரிப்பட்டணம் மண்டபம்

அண்ணா, நீங்கள் சொன்ன பென்சில் எழுத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காலண்டரில் அட்வான்ஸ் வந்தவற்றுக்குப் பச்சை நிறமும், பேச்சில் இருப்பவற்றுக்கு மஞ்சள் நிறமும் வைத்திருக்கிறோம். அதை உதவியாளர் புரிந்துகொள்ளும் என்று எண்ணியிருந்தேன். நோட்டு மண்டபத்தில் இருக்கிறது, அழைப்பு என் கைபேசிக்கு வருகிறது என்பதால்தான் எனக்கு இது தேவைப்படுகிறது.

நிரலாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் எல்லாப் பதிவுகளையும் "நாள் முழுவதும்" என்றே பதிகிறோம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் இரண்டு நாட்களையும் சேர்த்து ஒரே நிகழ்வாகப் போடுவோம். இதில் சிக்கல் ஏதும் வருமா?

ஓசூர் நிரலாளர்

வரும் ஐயா. உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

இணைய நாட்காட்டிகள் பெரும்பாலும் பின்பற்றும் ஐகேலண்டர் என்ற வடிவம் 1998இல் வரையறுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நடக்கும் நிகழ்வுக்கு அதில் எழுதப்படும் முடிவுத் தேதி அந்த நிகழ்வில் சேராது. 29, 30 ஆகிய இரு நாட்களுக்கு மண்டபம் பிடிக்கப்பட்டால், உள்ளே தொடக்கம் 29 என்றும் முடிவு 31 என்றும் பதிவாகும். திரையில் கூகுள் இதைச் சரியாக 29–30 என்று காட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் உதவியாளரின் கையில் கிடைப்பது உள்ளே இருக்கும் பதிவு. சில உதவியாளர்கள் அதைப் படித்து 31உம் காலி இல்லை என்று சொல்லிவிடும். ஒரு நல்ல தேதி உங்கள் கையை விட்டுப் போகும். எழுதும்போது இதைவிட மோசம். 29 முதல் 30 வரை என்று அது எழுதினால் 29 மட்டும்தான் பதிவாகும். வரவேற்புக்கு மண்டபம் இருக்கும், தாலி கட்டும் நாளுக்கு இருக்காது.

இரண்டாவது: கூகுள் காலண்டரில் "நாள் முழுவதும்" என்று கையால் ஒரு நிகழ்வைப் போட்டால், அந்த நேரத்தில் நீங்கள் "காலியாக இருக்கிறீர்கள்" என்பதே இயல்பான அமைப்பு. பிறந்தநாள், பண்டிகை போன்றவற்றுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதை "வேலையாக உள்ளேன்" என்று மாற்றியிருக்காவிட்டால், காலி நேரத்தை மட்டும் கேட்கும் உதவியாளருக்கு உங்கள் மண்டபம் ஆண்டு முழுவதும் காலி.

ஆகவே நேரம் குறித்தே பதியுங்கள். முதல் நாள் பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் பிற்பகல் 3 மணிவரை என்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், அப்படியே போடுங்கள். மேலே சொன்ன இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

பென்னாகரத்து அண்ணன் சொன்னது எனக்கும் பாடம். உதவியாளர் நிறத்தைப் புரிந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம். பல இணைப்புகளில் நிறம் அதன் கைக்கே வராது. அட்வான்ஸ் வந்தவற்றுக்கு "உறுதி" என்று ஒரு நாட்காட்டி, பேச்சில் இருப்பவற்றுக்குப் "பேச்சு" என்று இன்னொரு நாட்காட்டி என்று பிரித்துவிடுங்கள். அவர் சொன்ன பேனாவும் பென்சிலும் அப்படியே வந்துவிடும்.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்

நாட்காட்டி உங்களுடையது, அதில் இருக்கும் பெயரும் எண்ணும் உங்களுடையவை அல்ல. மண்டபப் பதிவில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், தந்தையின் கைபேசி எண், ஊர், சில வேளைகளில் சமூகம்கூட எழுதியிருப்பீர்கள். உதவியாளர் நாட்காட்டியைப் படிக்கும்போது அந்த வரிகள் அனைத்தும் அதை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டு உபயோகத்துக்கு விலக்கு அளிக்கிறது. மண்டபம் தொழில் என்பதால் அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டத்தை விடுங்கள். ஒரு தந்தை தன் மகளின் திருமணச் செய்தியை உறவினருக்குச் சொல்வதற்கு முன்பே, நம்பிக்கையின்பேரில் உங்களிடம் சொல்கிறார். அதை இன்னொருவர் கையில் கொடுக்காமலே உங்கள் வேலை நடக்குமென்றால் அதுவே முறை. கூகுள் காலண்டரைப் பகிரும்போது, "காலியா இல்லையா என்பதை மட்டும் காட்டு, விவரங்களை மறை" என்று ஓர் அளவு இருக்கிறது. உதவியாளரின் கணக்குக்கு அந்த அளவில் மட்டும் பகிருங்கள். உங்களுக்கு வரும் கேள்வி "எந்தத் தேதி காலி" என்பதுதானே, யாருடைய திருமணம் என்பதில்லையே.

ஓசூர் நிரலாளர்

வழக்கறிஞர் அம்மா சொன்னது நான் முதலில் சொன்னதைவிட மேலான வழி. இரு நாட்காட்டிகளாகப் பிரித்துவிட்டால் விவரங்களை மறைத்துப் பகிர்ந்தாலும் உறுதியா பேச்சா என்பது தெரிந்துவிடும்.

இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2025 ஆகஸ்டில், கூகுள் காலண்டர் அழைப்பின் தலைப்புக்குள் கட்டளைகளை ஒளித்து அனுப்பி கூகுளின் ஜெமினி உதவியாளரைத் தாங்கள் விரும்பியபடி செயல்படவைக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் சிலர் செய்து காட்டினார்கள். அவர்கள் முன்பே தெரிவித்ததால் கூகுள் பாதுகாப்புகளைச் சேர்த்தது. ஆனாலும் அடிப்படைக் குறை எல்லா உதவியாளர்களுக்கும் பொதுவானது: படிக்கும் செய்திக்கும் பின்பற்ற வேண்டிய கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை மொழி மாதிரி எப்போதும் சரியாகப் பிரித்துணர்வதில்லை. உங்கள் மின்னஞ்சலை அறிந்த யாரும் உங்களுக்கு ஓர் அழைப்பை அனுப்பலாம். நீங்கள் திறக்காவிட்டாலும் அது நாட்காட்டியில் வந்து உட்காரலாம். விவரங்கள் மறைந்திருந்தால் மண்டபத்தின் நாட்காட்டிக்கு வரும் அழைப்பின் தலைப்பு உதவியாளரின் கண்ணில் படாது. அத்துடன், இரு கணக்குகளிலும் நிகழ்வு அமைப்புக்குப் போய், அறிந்தவர் அனுப்பிய அழைப்பு மட்டும் சேரும்படி மாற்றிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்

எங்கள் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகுதி. அவர்கள் சாந்திரமான மாதக் கணக்கில், அதாவது நிலவை வைத்துக் கணக்கிடும் மாதங்களில், கேட்பார்கள். சிராவணம் பெரும்பாலும் ஆடி அமாவாசைக்கு மறுநாளே தொடங்கிவிடும். தமிழ்க் குடும்பங்கள் ஆடி முடியட்டும் என்று காத்திருக்கும்போது அவர்கள் திருமணத்துக்கு நாள் பார்த்துவிடுவார்கள். "சிராவணத்தில் ஞாயிறு காலியா" என்று உதவியாளரிடம் கேட்டேன். அது ஆவணி என்று எடுத்துக்கொண்டு, முதல் சில வாரங்களை விட்டுவிட்டது. தமிழ் மாதப் பிறப்பு, முகூர்த்த நாள் ஆகியவற்றையும் அதுவாகக் கணக்கிட விடக்கூடாது. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை "முகூர்த்தம்" என்று தனி நாட்காட்டியில் கையால் பதிந்துவிட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை என்பதால் முழு விவரத்தோடு உதவியாளருக்குக் காட்டியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் மண்டபம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவரும் சொன்னபடியே செய்து பார்த்தோம்.

தம்பி புதிய கணக்கைத் தொடங்கி நேர மண்டலத்தை மாற்றினான். "உறுதி", "பேச்சு" என்ற இரு நாட்காட்டிகளாக எல்லாப் பதிவுகளையும் நானும் மேலாளரும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து பிரித்தோம். பிரிக்கும்போதே, பேச்சில் இருந்து கைவிடப்பட்ட நான்கு தேதிகள் மஞ்சள் நிறத்தில் அப்படியே கிடந்ததைக் கண்டோம். அந்தத் தேதிகளைக் கேட்டவர்களுக்கு இத்தனை நாளும் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறோம். உதவியாளர் வருவதற்கு முன்பே கிடைத்த பயன் அது.

பிறகு அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு, நோட்டில் இருக்கும் பழைய தேதிகளிலிருந்து முப்பது கேள்விகள் கேட்டேன். இருபத்தேழுக்குச் சரியான விடை வந்தது. தவறிய மூன்றில் இரண்டு "அடுத்த" என்ற சொல்லால் வந்தவை. மூன்றாவது, நாங்களே 3 மணி என்பதைக் காலை 3 மணி என்று பதிந்திருந்ததால் வந்தது. அப்பா நோட்டைப் பார்த்தே அதைப் பிடித்தார்.

ஏழாம் நாள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அனுமதி கொடுத்ததும் வேலை செய்தது. இன்னும் ஏழு நாளில் மறுபடி அறுந்தது. இது ஏன்?

ஓசூர் நிரலாளர்

உங்கள் தம்பி இணைப்பைக் கூகுள் கிளவுடில் (நிரலாளர்களுக்கான கூகுளின் தளத்தில்) தானே உருவாக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே செயலி "சோதனை" நிலையில் இருந்தால் டோக்கன் ஏழு நாட்களில் காலாவதியாகும். வெளியீட்டு நிலைக்கு மாற்றினால் இப்படி அறுவது நின்றுவிடும்.

பென்னாகரம் சமையல் ஒப்பந்தம்

தம்பி, அந்த நான்கு தேதிகளைப் படித்ததும் என் நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதி அழிக்காமல் விட்ட இரண்டு நாட்கள் இருந்தன. ஒன்று வருகிற மாதம். அந்த நாளில் உங்கள் மண்டபத்தில் யாராவது சமையலுக்குக் கேட்டால் சொல்லுங்கள். தேதியைத் தனியாக அனுப்புகிறேன்.

காவேரிப்பட்டணம் மண்டபம்

அனுப்புங்கள் அண்ணா. நிரலாளர் ஐயா, மாற்றிவிட்டோம், பத்து நாளாக அறுபடவில்லை. தேதி கேட்கும் வேலையை மட்டும்தான் உதவியாளரிடம் விட்டிருக்கிறேன். அதுவும் தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொன்ன பிறகு, மேலாளரிடம் நோட்டில் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டே வாக்குக் கொடுக்கிறேன். "விசாரணை" நாட்காட்டியில் எழுதவைப்பதை இந்த ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு தொடங்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.